சைதூன் பீவியின் ஜின்னும் ஒரு பழப் பாக்கியும்

1957ஆம் வருஷத்துச் சாரல் சமயத்தில் தென்காசியிலிருந்து ஒரு வதந்தி ரயிலேறியது. ஏறும்போது அது சின்னதாகத்தான் இருந்தது. குற்றாலத்தில், பேரருவிக்குப் போகிற வழியில், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் மங்குஸ்தான் பழம் விற்கிறாள். பழத்தை உடைக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லிவிடுகிறாள். அவ்வளவுதான். கடையநல்லூரில் அவளுக்கு ஒரு ஜின் சேர்ந்துகொண்டது. சங்கரன்கோவிலில் ஜின்னுக்குத் தாடி முளைத்தது. ராஜபாளையத்தில் அது அரபியில் பேச ஆரம்பித்தது. விருதுநகரில் ஏறிய வியாபாரிகள், அந்த ஜின்னுக்கு மிளகாய் வத்தலின் அடுத்த மாத விலை தெரியுமா என்று அக்கறையாக விசாரித்தார்கள். வண்டி மதுரைக்குள் நுழையும்போது ஜின் மூன்று பெண்களுக்குப் பிள்ளை வரம் கொடுத்து, ஒரு சிவில் வழக்கையும் ஜெயித்துக் கொடுத்திருந்தது.

இந்த மாதிரிச் செய்தியை நம்புவதற்குச் செலவில்லை. விசாரிப்பதற்குத்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவரைக் கேட்டால், ஜின் உண்டு, தன் மைத்துனன் பார்த்திருக்கிறான் என்றார். மைத்துனனைக் கேட்டால், எண்ணெய்க்காரர் பார்த்திருக்கிறார் என்றான். பழம் விற்கிற சைதூன் பீவிக்கு அடுத்தாற்போல் சுக்குக் காப்பிக் கடை போட்டிருந்தவர் மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

“ரெண்டு மாசமா பக்கத்துல இருக்கேன். நான் பாக்கல. ஆனா ஒரு நாள்கூட அது காப்பி குடிக்க வந்ததில்ல. அத வச்சுப் பாத்தா நிச்சயமா மனுசன் இல்ல.”

ஆகவே விசாரணையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சைதூன் பீவிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தென்காசியில் தறிச்சத்தம் கேட்கிற தெரு ஒன்றில் மாமியாரோடு இருந்தாள். புருஷன் துல்கர்னைன் நல்ல நெசவாளி. நூல் கிடைக்காமலும், நெய்தது போகாமலும் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு, 1950இல் கடல் கடந்து பினாங்குக்கு, மாமன் ஒருவரின் ஜவுளிக்கடைக்குப் போனார். தான் நெய்வதை விட்டுவிட்டு அடுத்தவர் நெய்ததை முழம் போடப் போனவர் என்று அவரே தன்னைப் பற்றி எழுதியிருந்தார். சைதூன் பீவி பக்கத்துத் தறிகளுக்கு, ஓடத்துக்குள் போகும் நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தாள். ராட்டு சுற்றுகிற கைக்கு வேலை இருந்தது. சுற்றாத மாதங்களும் வருஷத்தில் இருந்தன.

அப்படி ஒரு மாதத்தில்தான் மாடத்தி தெருவுக்குள் வந்தாள். குற்றாலத்து மலையில் மூன்று மைல் ஏறினால் மாடத்தியின் குடிசை. யாரோ ஒரு எஸ்டேட்காரரின் சரிவில் பதினெட்டு மங்குஸ்தான் மரம் குத்தகைக்கு. கூடக் கொஞ்சம் மிளகுக் கொடி. புருஷன் தங்கசாமி கிராம்பு மரத்திலிருந்து விழுந்து ஒரு கால் மடங்கிப்போனபின், மரம் ஏறுகிறவளும் இறங்குகிறவளும் சுமக்கிறவளும் அவள் ஒருத்திதான். தலையில் சுமந்த ஓலைக் கடகத்தில் பலாப்பழச் சுளைக்கு நடுவே, பருவம் தப்பிப் பழுத்து, கறுஞ்சிவப்பில் நாலைந்து உருண்டை கிடந்தது.

“இது என்னக்கா, கத்திரிக்காய்க்குச் சாயம் போட்டிருக்கியளா?” என்றாள் சைதூன் பீவி.

“கத்திரிக்காயா? தின்னு பாத்துட்டுப் பேசு, ஏட்டி.”

மாடத்தி இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அமுக்கினாள். தோல் பிளந்தது. உள்ளே பஞ்சு மாதிரி வெள்ளைச் சுளை. சைதூன் பீவி ஒன்றைத் தின்றாள். அப்புறம் பேசவில்லை. இரண்டாவதையும் தின்றபின், “இத எங்கன விக்கிய?” என்று கேட்டாள்.

மாடத்தி விற்கவில்லை. விற்கிறவர் செல்லப்பா. தென்காசியில் பழ மொத்தக் கடை வைத்திருந்த அவர், மரம் பூத்ததுமே மலையேறி வந்து, பூவைப் பார்த்தே மொத்த மரத்துக்கும் விலை பேசிவிடுவார். பூ காயாகுமா, காய் நிற்குமா என்ற பயம் மாடத்திக்கு. அந்தப் பயத்தைத்தான் அவர் மலிவாக வாங்கினார். காய் பழுத்ததும் பறித்து, சாக்கில் கட்டி, ஒரு வண்டி சேருகிறவரை ஐந்து நாள் கடையில் போட்டு வைத்து மதுரைக்கு அனுப்புவார். தென்காசியில் பழமாக ஏறியது மதுரையில் கல்லாக இறங்கும். மதுரைக்காரர்கள் அதைச் சுத்தியலால் உடைத்து, குற்றாலத்துப் பழம் என்றால் இப்படித்தான் என்று நம்பினார்கள். அருவிக்கு வருகிற மதுரைக்காரர் தலைக்கு மேலேயே பழம் பழுத்துத் தொங்குவது அவருக்கும் தெரியாது, மாடத்திக்கு அவரையும் தெரியாது. நடுவில் மூன்று மைலும் செல்லப்பாவும் இருந்தார்கள்.

“இந்த வருசம் பூவுல குடுக்காதீங்கக்கா,” என்றாள் சைதூன் பீவி. “விடியக்காலம் பறிச்சதைக் கீழ கொண்டாங்க. அன்னன்னிக்கே நான் வித்துத் தாரேன்.”

“விக்காட்டா? ஆடி முடிய குத்தகை குடுக்கணும் பாத்துக்க. குடுக்காட்டா மரத்த வேற ஆளுக்கு விட்டுருவாவ. நொண்டி மனுசன வச்சுக்கிட்டு நான் எந்த மலைக்குப் போவேன்?”

“விக்கும்.”

எந்தத் தைரியத்தில் அப்படிச் சொன்னாள் என்பது அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லிவிட்டாள். மாடத்தியும் அந்த ஒரு வார்த்தையை நம்பிச் செல்லப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சாரல் தொடங்கிப் பழம் பழுத்ததும், பேரருவிப் பாதையில் கடகத்தை வைத்தார்கள். முதல் வாரம் விற்கவில்லை. விடியுமுன் மாடத்தி இறங்கி வருவாள். இருவரும் கடகத்தைக் கவிழ்த்து எண்ணுவார்கள். மாடத்தி ஒன்று என்று சொல்லமாட்டாள். “லாபம், ரெண்டு, மூணு” என்றுதான் தொடங்குவாள். சைதூன் பீவிக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. லாபம் என்ற சொல்லோடு காரியம் நின்றுவிட்டது. குளித்துவிட்டு ஈரத்தலையோடு பசியாக வருகிற பட்டணத்துப் பெண்கள் நிற்பார்கள், குனிவார்கள், பழத்தைத் தட்டிப் பார்ப்பார்கள்.

“உள்ளே அழுகியிருந்தா?”

“இல்லம்மா, இன்னிக்குப் பறிச்சது.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

போன வருஷம் செல்லப்பாவின் கல்லைத் தின்ற பல் அது. அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஏழாம் நாள் மாடத்தி மெல்லச் சொன்னாள். “செல்லப்பா அண்ணாச்சி நேத்தும் ஆள் அனுப்பிருந்தாரு. பூவத்தான் தரல, காயையாவது தாங்கன்னு கேக்காராம்.”

“இன்னும் பத்து நாள் பொறுங்கக்கா,” என்றாள் சைதூன் பீவி. அன்று மாலை வீட்டுக்குப் போனால் பினாங்குக் கடிதம் வந்திருந்தது.

சைதூன் பீவிக்குத் தமிழெழுத்து வாசிக்க வராது. ஓதப் படித்த பெண் அவள், அரபெழுத்து தெரியும். அதனால் துல்கர்னைன் தமிழை அரபெழுத்திலேயே எழுதுவார். அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பெண்களுக்குக் கடிதம் அப்படித்தான் போகும், வரும். இங்கே இந்த மாதிரி ஒரு பழம் கிடைக்கிறது, விற்கத்தான் வழி தெரியவில்லை என்று பூக்காலத்திலேயே அவள் எழுதியதற்கு அவர் பதில் போட்டிருந்தார். அந்தப் பழம் பினாங்கில் தெருவெல்லாம் கிடக்கிறதாம். அங்கே பழத்தை வைத்து ஒரு விளையாட்டு உண்டாம். காம்புக்கு எதிர்ப்பக்கம், பழத்தின் அடியில், சின்னப் பூ ஒன்று அச்சுப் பதிந்த மாதிரி இருக்கும். அந்தப் பூவுக்கு எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. “உடைக்கும் முன் சொல்லிப் பார், ஆட்கள் விடமாட்டார்கள்” என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இரண்டு வரி, அவளுக்கு மட்டும்.

மறுநாள் காலை ஒரு கோவில்பட்டி அம்மாள் பழத்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். சைதூன் பீவி அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று சந்தேகம் வந்தது. சுருக்குப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, வலமிருந்து இடமாக ஒரு தரம் வாசித்தாள். உதடு அசைய, “லாபம், ரெண்டு, மூணு” என்று எண்ணினாள்.

“உள்ள ஆறு சுளை. தப்பினா பழம் சும்மா.”

உடைத்தால் ஆறு. கோவில்பட்டி அம்மாள் கடகத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜின் பிறந்தது இப்படித்தான். அரபெழுத்துக் காகிதம், அசைகிற உதடு, நடுவில் காதில் விழுகிற லாபம் என்ற சொல், தப்பாத எண்ணிக்கை. இத்தனையும் பார்த்த பிறகு ஜின் இல்லை என்று நினைக்கத்தான் கெட்டிக்காரத்தனம் வேண்டும். குளிக்க வருகிறவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். நாலு நாளில் கணக்கு அவளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. இருந்தும் ஒவ்வொரு பழத்துக்கும் முன்னால் கடிதத்தை எடுத்து ஒரு பார்வை பார்ப்பதை அவள் விடவில்லை. அப்போது அவள் பார்த்தது கணக்குள்ள இடத்தை அல்ல.

“இது ஜின்னு சொல்றதாம்மா?” என்று யாராவது கேட்டால், “கடலுக்கு அங்கிட்டு இருக்கு,” என்பாள். பொய் சொல்லவில்லை.

பழம் போயிற்று. மாடத்தி இரண்டாவது கடகம் சுமக்க ஆரம்பித்தாள். அவள் இறங்கி வந்த வேகத்திலேயே செய்தி செல்லப்பாவுக்கும் போயிற்று. அவர் வந்து, சுக்குக் காப்பிக் கடையில் காப்பி வாங்கி, ஆறுகிறவரை கையிலேயே வைத்துக்கொண்டு, சைதூன் பீவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாகப் பழத்தோடு வாழ்கிற மனிதர். ஜின்னாக இருந்தால் அது எதற்குப் பழத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தோன்றியது.

ஆடி முடிய ஒரு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். தென்காசி ஜமாஅத்திலிருந்து ஹபீபுல்லா லெப்பையும் வந்திருந்தார். நம் தெருப் பெண் ஜின்னை வைத்து வியாபாரம் செய்கிறாள் என்றால் அது மார்க்கத்துக்கு ஆகாத காரியம். விசாரித்து வரச்சொல்லி அனுப்பியிருந்தார்கள். விசாரணைக்கு முன் ஒரு டஜன் பழம் வாங்கிக்கொண்டிருந்தார்.

செல்லப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கடகத்திலிருந்து தானே ஒரு பழத்தை எடுத்தார்.

“தங்கச்சி, ஒன் ஜின்னுகிட்ட ஒரு சங்கதி கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“பெரிய ஜின்னா, சின்ன ஜின்னா?” கேட்டுக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “இல்ல, மதுரைப் பக்கம் ரொம்பப் பேச்சா இருக்கு. அதான் நானும் ஒரு பழம் தின்னு பாப்பமேன்னு.” பேசி முடித்துப் பழத்தை நீட்டினார். “சொல்லு, எத்தன சுளை?”

சைதூன் பீவி திருப்பினாள், எண்ணினாள். “அஞ்சு.”

செல்லப்பா உடைத்தார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திக் காட்டினார். ஆறு.

“இன்னிக்கு ஜின்னுக்கு லீவு போல,” என்றார். கூட்டம் சிரித்தது. சுளைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டு, “தப்பினா சும்மாதான?” என்று கேட்டார்.

சிரிப்பு ஒன்றும் செய்திருக்காது. ஆனால் மடி நிறையப் பழம் பொறுக்கி வைத்திருந்த ஒரு மதுரைப் பெண், அதை ஒவ்வொன்றாகத் திரும்பக் கடகத்தில் வைத்தாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் வைத்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த மாடத்தி எழுந்தாள். கடகத்தின் மேல்துணியை எடுத்து உதறினாள், மூடுவதற்கு.

சைதூன் பீவி செல்லப்பா கீழே போட்ட தோலை எடுத்துத் திருப்பினாள். அடிப்பூவில் ஒரு இதழ் இருந்த இடம் சுரண்டியிருந்தது. அதிலிருந்து மஞ்சள் பால் கசிந்து நின்றது. பறித்து ஐந்து நாளான பழமாக இருந்தால் அந்தப் பால் வந்திருக்காது. அன்று காலை பறித்த பழம். அதுதான் காட்டிக் கொடுத்தது.

“அண்ணாச்சி, கட்ட வெரல் நகத்துல என்ன மஞ்சளா இருக்கு?”

செல்லப்பா விரலை மடக்கினார். ஆனால் அதில் மஞ்சள் இருந்தால் என்ன என்று கூட்டத்துக்குப் புரியவில்லை. புரிய வேண்டுமானால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் ஜின் போய்விடும். ஜின்தான் கூட்டத்தைக் கூட்டி வந்தது. அது போனபின் யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாது. மாடத்தியின் கையில் துணி பாதி விரிந்திருந்தது. சைதூன் பீவி சுருக்குப் பையைத் திறந்து கடிதத்தை எடுத்து லெப்பையிடம் நீட்டினாள்.

“மாமா, நீங்களே படிச்சுச் சொல்லுங்க. நான் சொன்னா நம்பமாட்டாவ.”

ஹபீபுல்லா லெப்பை பழப்பையைக் கீழே வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, வலமிருந்து இடமாக வாசிக்க ஆரம்பித்தார். மந்திரம் வரப்போகிறது என்று கூட்டம் மூச்சை அடக்கியது. வந்தது இதுதான்: “அன்புள்ள சைதூனுக்கு எழுதிக்கொண்டது. நான் சுகம். உம்மாவுக்குக் கால்வலி எப்படி இருக்கிறது? தைலம் அனுப்பியிருக்கிறேன்.”

“அரபியில தமிழு வருதே,” என்றாள் மதுரைப் பெண்.

லெப்பை தொடர்ந்தார். பினாங்குத் தெரு, விளையாட்டு, அடிப்பூ, இதழ், சுளை எல்லாம் வந்தது. கடைசிக்குப் போனதும் நின்றார். மறுபடி செருமினார். காகிதத்தை மடித்தார்.

“மீதி?” என்று நாலு பெண்கள் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

“மீதி குடும்ப விசயம்,” என்றார் லெப்பை, முகத்தை அருவிப் பக்கம் திருப்பிக்கொண்டு.

சைதூன் பீவி ஒரு பழத்தை எடுத்து அந்த மதுரைப் பெண்ணின் கையில் கவிழ்த்து வைத்தாள். “நீங்களே எண்ணுங்கம்மா.” அவள் எண்ணினாள்: ஏழு. உடைத்தாள்: ஏழு. அதற்குமேல் யாரும் யாரையும் கேட்கவில்லை. ஜின் சொல்லித் தின்பதைவிடத் தானே ஜின்னாக இருப்பது எல்லோருக்கும் பிடித்திருந்தது. மாமியார் ஒருபுறம், மருமகள் ஒருபுறம் பந்தயம் கட்டினார்கள். ஒரு வக்கீல் தன் மனைவியிடம் மூன்று முறை தோற்றார். துணியை மடித்து வைத்துவிட்டு மாடத்தியும் முன்னால் வந்தாள். வாங்க வருகிறவர்களிடம் வழக்கமாக வாய் திறக்காதவள்.

“பெருவெரலால அமுக்கிப் பாருங்க தாயி. அமுங்குனா இன்னிக்குப் பழம். அமுங்காட்டா அது மதுரைக்குப் போற பழம்.”

செல்லப்பா காப்பிக் கடைப் பக்கம் நகர்ந்துவிட்டார். இரண்டு கடகமும் உச்சிப் பொழுதுக்குள் காலி.

வெறும் கடகத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு மாடத்தி கேட்டாள். “ஏட்டி, அந்த மீதி என்ன? எனக்குமா சொல்லமாட்ட?”

சைதூன் பீவி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் வாசித்தாள். “இந்தக் கணக்கு தப்பவே தப்பாது சைதூன். அப்படி என்றைக்காவது தப்பினால் அந்தப் பழம் என் பாக்கி. ஊருக்கு வந்து என் கையால் உடைத்துத் தருவேன்.”

மாடத்தி கிட்டே நகர்ந்தாள். “இன்னிக்குத் தப்பிருச்சே.”

“தப்பிருச்சுக்கா,” என்றாள் சைதூன் பீவி. வியாபாரத்தில் தப்பியதை இத்தனை சந்தோஷமாகச் சொன்ன ஆளைக் குற்றாலம் அதற்கு முன் பார்த்திருக்காது.

குத்தகை ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போதே போய்ச் சேர்ந்தது. பதினெட்டு மரமும் மாடத்தியிடமே நின்றன. லெப்பை ஜமாஅத்தில் சொன்ன அறிக்கை சுருக்கமானது: ஜின் இல்லை, கணவனின் கடிதம்தான், கடைசி வரியில் மார்க்கத்துக்கு விரோதமாக ஒன்றுமில்லை, பழம் நன்றாயிருக்கிறது. அடுத்த வருஷம் செல்லப்பா பூவில் வரவில்லை. பழத்தில் வந்தார், அதுவும் விடியக்காலத்தில், மூன்று மைல் மூச்சு வாங்கிக்கொண்டு. அருவிக்கரையில் அமுக்கிப் பார்க்கப் படித்துக்கொண்ட மதுரைக்காரர்கள் ஊரிலும் அமுக்கிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவருக்கு வேறு வழியில்லை.

“மொதல்ல சைதூனுக்கு,” என்றாள் மாடத்தி. “மீதி ஒமக்கு. அதையும் இன்னிக்கு வண்டிக்கே ஏத்திரணும். சாக்குல கட்டி அடைகாத்தா, நாளையிலேருந்து கெடையாது.”

மதுரையில் மங்குஸ்தான் பழத்துக்கு அப்புறம் சுத்தியல் தேவைப்படவில்லை. வதந்தி மட்டும் குறையவில்லை. உண்மை தெரிந்த மதுரைப் பெண்ணே ஊருக்குப் போய், ஜின் இருக்கிறது, தைலம்கூட அனுப்புகிறது என்று சொன்னதாகக் கேள்வி.

பாக்கிதான் சிக்கலாகிவிட்டது. நடந்ததையெல்லாம் சைதூன் பீவி பினாங்குக்கு எழுதினாள். தப்பியது கணக்கல்ல, செல்லப்பாவின் நகம். ஆகவே அந்தப் பழம் செல்லப்பாவின் பாக்கி என்று துல்கர்னைன் பதில் போட்டார். பொறுப்பு என்று எழுதிக் கொடுத்தது செல்லப்பா அல்ல என்று இவள் எழுதினாள். வருகிறேன், வந்து பேசிக்கொள்ளலாம் என்று அவர் எழுதினார். அடுத்த சாரலுக்கு என்றார். கடை கைமாறுகிறது, அதற்கு அடுத்த சாரலுக்கு என்றார். வழக்கு வருஷத்துக்கு நாலு கடிதமாக நடந்தது. ஒவ்வொரு கடிதமும் சுருக்குப் பைக்குள் போயிற்று. பழைய பை போதாமல் அவள் புதிதாக ஒன்று தைத்துக்கொண்டாள்.

1964 சாரலில் செல்லப்பா சைதூன் பீவியின் கடைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. வாழையிலைத் துண்டில் வைத்து ஒரே ஒரு பழம் கொண்டுவந்திருந்தார், நல்ல பெரியதாக.

“தங்கச்சி, ஏழு வருசமா மனசுல கெடக்கு. இந்தா. அன்னிக்குத் தின்னதுக்கு.”

சைதூன் பீவி பழத்தை வாங்கினாள். பெருவிரலால் அமுக்கினாள், அமுங்கியது. வழக்கப்படி திருப்பிப் பார்த்தாள். “ஆறு,” என்றாள். பிறகு இலையோடு அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

“ஏன், பழம் நல்லாத்தான இருக்கு?”

“பழத்துக்கு என்ன கொறை அண்ணாச்சி. ஆனா இது ஒம்ம பாக்கி இல்ல. நீரு குடுத்துட்டீருன்னா, அப்புறம் அவரு எதுக்கு வருவாரு?”

செல்லப்பா இலையைப் பழத்தோடு மடித்துக்கொண்டார். பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோய், மழைக்கு ஒதுங்கி நின்று, அந்தப் பழத்தைத் தானே உடைத்துத் தின்றார். ஆறு சுளைதான் இருந்தது. பாக்கி அப்படியே இருக்கிறது.